பனியின் மேல் பழி போடாதீர்கள்: வாசகர் கேள்வி பதில்

மார்கழி பிறந்ததிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மூச்சு சம்பந்தப்பட்டவை. சளி, இருமல், இரைப்பு, மூக்கடைப்பு. அநேகமாக எல்லாரும் "பனி ஒத்துக்கொள்ளவில்லை டாக்டர்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் கடலூரிலும் புதுச்சேரியிலும் ஜனவரி விடியற்காலையில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியேதான் இருக்கும். அந்தக் குளிர் மட்டும் ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாது. மழை முடிந்து சுவர்களில் ஓதம் ஏறியிருக்கிறது, ஜன்னல்களைச் சாத்திவிடுகிறோம், ஒரே அறையில் நாலு பேர் படுக்கிறோம், ஒருவர் இருமினால் எல்லாருக்கும் வைரஸ் தொற்றுகிறது. இது போக இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி அப்படியே உட்கார்ந்துகொள்ளும், மேலே கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று மூடி போட்ட மாதிரி நிற்கும். அடுப்புப் புகை, குப்பைப் புகை, வண்டிப் புகை, தொழிற்பேட்டைப் புகை எல்லாம் வெயில் ஏறும்வரை நம் மூக்கு உயரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

என் மகனுக்கு ஐந்து மாதம். பத்து நாளாக மூக்கடைப்பு, ராத்திரியெல்லாம் கொர்கொர் என்று சத்தம். மாமியார் தினமும் குளிப்பாட்டி மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுகிறார், சாம்பிராணி போடுகிறார், கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவுகிறார். வேண்டாம் என்றால், "உன் புருஷனை இப்படித்தானே வளர்த்தேன்" என்கிறார். நான் என்ன செய்ய?
– ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்

உங்கள் மாமியார் பேரன் மேல் உள்ள பிரியத்தில்தான் செய்கிறார். அதனால் பதிலை அவருக்கே எழுதுகிறேன், படித்துக் காட்டுங்கள்.

அம்மா, மூக்கில் எண்ணெய் விடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். தண்ணீர் தவறி மூச்சுக்குழாய்க்குள் போனால் குழந்தை இருமித் தள்ளிவிடும். எண்ணெய் இருமலையே தூண்டாமல் வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குள் இறங்கிவிடும், அங்கே கரையவும் கரையாது, அதைச் சுற்றி வீங்கிப் புண்ணாகும். இப்படி வருவதற்கு லிப்பாய்டு நிமோனியா என்று தனிப் பெயரே இருக்கிறது. எக்ஸ்ரேயில் மற்ற நிமோனியா மாதிரியே தெரியும், ஆன்டிபயாட்டிக் போட்டாலும் குறையாது, டாக்டர்கள் காரணம் தெரியாமல் தவிப்பார்கள், யாராவது வீட்டுப் பழக்கத்தைத் துருவிக் கேட்ட பிறகுதான் எண்ணெய் விஷயம் வெளியே வரும். வாயை வைத்து ஊதி மூக்குச் சளி எடுப்பதும் வேண்டாம், நம் வாயிலுள்ள கிருமியை நாமே உள்ளே அனுப்புகிறோம்.

கற்பூரம் பச்சைக் குழந்தையின் மெல்லிய தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். அளவு கூடினால் வலிப்பு வரும். வீட்டில் கற்பூர டப்பா குழந்தையின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும், ஒரு கட்டியை வாயில் போட்டுக்கொண்டாலே ஆபத்து. சாம்பிராணி வாசம் எனக்கும் பிடிக்கும், ஆனால் அது புகைதான், குழந்தையின் மூச்சுக்குழாய் மிகவும் குறுகலானது. குளித்ததும் தலையைத் துண்டால் நன்றாகத் துவட்டினால் போதும். சாம்பிராணி போட்டே ஆகவேண்டும் என்றால், குழந்தையை வேறு அறையில் வைத்துவிட்டுப் பூஜையறையில் போடுங்கள்.

சரி, மூக்கடைப்புக்கு என்ன செய்வது? இந்த வயசுக் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும், அதனால்தான் கொஞ்சம் அடைத்தாலும் பால் குடிக்கத் திணறுகிறது. மருந்துக்கடையில் குழந்தைகளுக்கான உப்புநீர் சொட்டு மருந்து, சலைன் டிராப்ஸ், கிடைக்கும். பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் மூக்குக்கு ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. சளி இளகிவிடும். ஒரே மூச்சில் குடிக்க முடியாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். தேன் மட்டும் ஒரு வயது முடியும்வரை நாக்கில்கூடத் தடவாதீர்கள், அதிலிருக்கும் ஒருவகைக் கிருமி கைக்குழந்தைக்கு உடல் தளர்ந்துபோகும் நோயைக் கொடுக்கலாம்.

இருமல் சிரப்பும் வேண்டாம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்த சிரப்பைக் குடித்துச் சிறுநீரகம் கெட்டுக் குழந்தைகள் இறந்த செய்தியை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பிறகு மத்திய அரசு 2 வயதுக்குள் இருமல், சளி சிரப்பே தரக்கூடாது, 5 வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று அறிவுறுத்தியது. நச்சே இல்லாத நல்ல சிரப்பாக இருந்தாலும் இந்த வயதில் அதனால் பலன் இல்லை.

இப்போது நீங்கள் இருவருமே கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ போனால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, ராத்திரி இரண்டு மணியானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பத்து நாளாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், எண்ணெயும் தினமும் போயிருக்கிறது. மூச்சு எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஒருமுறை குழந்தைகள் டாக்டரிடம் காட்டி, எண்ணெய் விட்டதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம் என்று போடும் நிமோனியா தடுப்பூசி அரசு அட்டவணையிலேயே இலவசமாக இருக்கிறது. முதல் இரண்டும் போட்டாயிற்றா என்று அட்டையையும் பாருங்கள்.

மாலை போட்டிருக்கிறேன். எனக்கு ஆஸ்துமா உண்டு, காலை நாலு மணிக்குப் பச்சைத் தண்ணீரில் குளித்ததும் இழுப்பு வருகிறது. விரத காலத்தில் இன்ஹேலர் எடுக்கலாமா, அதில் ஏதோ ஸ்பிரிட் இருப்பதாகச் சொல்கிறார்கள்.
– ஒரு கன்னிசாமி, முத்தியால்பேட்டை

சாமி, தாராளமாக எடுங்கள். அது நுரையீரலுக்குள் போகும் மருந்து, சாப்பாடு இல்லை, போதையும் இல்லை. சில இன்ஹேலர்களில் மருந்தைக் கரைப்பதற்கு மிகச் சிறு அளவு ஆல்கஹால் சேர்ப்பார்கள் என்பது உண்மைதான். அது மனசை உறுத்தினால் பவுடராக உறிஞ்சும் ரோட்டாகேப் வகைக்கு மாற்றித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள், அதில் ஆல்கஹால் கிடையாது. ஆனால் மாற்று கிடைக்கும்வரை இருப்பதை நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு வருடமும் கார்த்திகை, மார்கழியில் மருந்தை நிறுத்திவிட்டு மூன்றாவது வாரம் மூச்சுத் திணறி வரும் சாமிகளைப் பார்க்கிறேன், அவர்கள் பக்தியில் குறையே இல்லை, யாரோ அரைகுறையாகச் சொன்னதை நம்பியதுதான் காரணம்.

குளிர்ந்த தண்ணீரால் சளி பிடிப்பதில்லை, சளி வைரஸால் வருவது. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்குச் சட்டென்று தலையிலும் நெஞ்சிலும் குளிர் பட்டால் மூச்சுக்குழாய் சுருங்கலாம். முதல் சொம்பைப் பாதத்தில் ஊற்றுங்கள், அப்புறம் முழங்கால், இடுப்பு, கடைசியில் தலை. குளித்த கையோடு துவட்டிவிட்டு உலர்ந்த வேட்டி மாற்றுங்கள். அப்படியும் இழுப்பு வந்தால் வெதுவெதுப்பான தண்ணீருக்குக் குருசாமியிடம் உத்தரவு கேளுங்கள். நான் பார்த்த குருசாமிகள் யாரும் மறுத்ததில்லை.

மலை ஏறும் விஷயம் இதைவிட முக்கியம். பம்பையிலிருந்து சன்னிதானம் சுமார் 5 கிலோமீட்டர், நீலிமலையும் அப்பாச்சிமேடும் நல்ல ஏற்றம். ஏறத் தொடங்கக் கால் மணி நேரம் முன்னால், இழுப்பை உடனே தணிக்கும் நிவாரண இன்ஹேலர் எடுத்துக்கொள்ளலாமா, எத்தனை பஃப், அதாவது எத்தனை முறை அழுத்தி இழுப்பது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். இன்ஹேலர் இருமுடியில் வேண்டாம், தோள்பையிலும் வேண்டாம், உங்கள் உடம்போடு இருக்கட்டும், கூட்டத்தில் பை ஒரு பக்கம் சாமி ஒரு பக்கம் ஆகிவிடும். வழியில் மருத்துவ முகாம்களும் ஆக்சிஜன் வசதியும் உண்டு, மூச்சு முட்டினால் வெட்கப்படாமல் உட்கார்ந்துவிடுங்கள். நெய்த்தேங்காய் எரியும் ஆழிப் பக்கம் புகை அதிகம், அங்கே நிற்காமல் தள்ளிப் போங்கள்.

வயது 52. தினமும் காலை ஐந்து மணிக்குக் கடற்கரைச் சாலையில் நடக்கிறேன். இந்த மாதம் நடக்கும்போது நெஞ்சை இறுக்குகிறது, நின்றால் சரியாகிறது. நண்பர்கள் குல்லா போடச் சொல்கிறார்கள்.
– ஓய்வுபெற்ற ஊழியர், லாஸ்பேட்டை

ஐயா, இதைப் படித்து முடித்ததும் நடப்பதை நிறுத்திவிட்டு முதலில் ஈ.சி.ஜி. எடுங்கள். இன்றைக்கே. நடந்தால் இறுக்கம், நின்றால் சரி என்பது ஆஸ்துமாவாகவும் இருக்கலாம், இதய ரத்தக்குழாய் அடைப்பாகவும் இருக்கலாம், 52 வயதில் நான் முதலில் இதயத்தைத்தான் சந்தேகிப்பேன். ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் அதோடு விடாதீர்கள், டிரெட்மில் சோதனை தேவையா என்று இதய டாக்டர் சொல்லட்டும். உட்கார்ந்திருக்கும்போதே இறுக்கம் வந்து போகாமல் நின்றால், வியர்த்தால், கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் ஆட்டோ தேடாமல் 108.

இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு மூச்சைப் பார்க்கலாம். குல்லா காதை மூடும், மூக்கை மூடாது. வேகமாக நடக்கும்போது வாயால் மூச்சு வாங்குகிறோம், அந்தக் குளிர்ந்த காற்று மூக்கில் சூடாகாமல் நேரே இறங்குகிறது. ஒரு துண்டை மூக்கும் வாயும் மூடும்படி தளர்வாகச் சுற்றிக்கொண்டால் காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாகி உள்ளே போகும். அதைவிட நல்லது நேரத்தை மாற்றுவது. ஐந்து மணிக்குப் பதில் ஏழு, ஏழரை, பனி கலைந்து வெயில் படும்போது. முதல் பத்து நிமிடம் மெதுவாக.

தை பிறந்ததும் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவளுக்குப் பத்து வயதிலிருந்து வீசிங். இன்ஹேலர் போடுகிற பெண் என்று தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்று ஒரு மாதமாக நிறுத்தி வைத்திருக்கிறோம். மாத்திரை மட்டும் கொடுக்கிறோம். ராத்திரியில் உட்கார்ந்தே தூங்குகிறாள். இன்ஹேலருக்கு அடிமையாகிவிட்டாளோ?
– ஒரு தகப்பனார், கடலூர் முதுநகர்

ஐயா, உட்கார்ந்தே தூங்குகிறாள் என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி என்னை மிகவும் வருத்தியது. அது அடிமைத்தனம் இல்லை. மூச்சு முட்டுவதால் படுக்க முடியவில்லை. தாகத்தில் தண்ணீர் கேட்பவரைத் தண்ணீருக்கு அடிமை என்று சொல்வோமா?

கணக்கைப் பாருங்கள். மூச்சுக்குழாயைத் திறக்கும் சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம். அதே மருந்து இன்ஹேலரில் ஒரு பஃப்புக்கு 100 மைக்ரோகிராம், இரண்டு பஃப் எடுத்தால் 200. மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டு நுரையீரலுக்கு வருகிறது, கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இன்ஹேலர் வேலை செய்ய வேண்டிய இடத்துக்கு நேரே போகிறது. இருபதில் ஒரு பங்கு மருந்தைத் தருவதைப் பயங்கரமான பொருள் என்றும், மாத்திரையைச் சாதாரணம் என்றும் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. இழுப்பு வரும்போது உடனே திறந்துவிடும் நிவாரண மருந்து ஒன்று, உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தினமும் குறைக்கும் தடுப்பு மருந்து இன்னொன்று. பெரும்பாலானவர்கள் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். 2019 முதல் சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதல் அப்படித் தனியாக எடுப்பதைப் பரிந்துரைப்பதில்லை, வீக்கம் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும், ஒருநாள் நிவாரண மருந்துக்கும் கட்டுப்படாமல் போய்விடும். தடுப்பு மருந்தில் உள்ள ஸ்டீராய்டின் அளவும் மைக்ரோகிராம் கணக்குதான். எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், வாயில் வெள்ளை படியாது.

நாளைக்கே மகளை டாக்டரிடம் அழைத்துப் போய் இன்ஹேலரை மறுபடி ஆரம்பியுங்கள். எப்படி எடுக்கிறாள் என்று டாக்டர் முன்னால் எடுத்துக் காட்டட்டும். குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டை இறுக்கி மூடி, மெதுவாக உள்ளே இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்தி, பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். முடியாவிட்டால் ஸ்பேசர் என்ற குடுவையைப் பொருத்திக்கொண்டால் சுலபம். அதை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் தானாக உலர விட வேண்டும், துணியால் துடைத்தால் மருந்து குடுவைச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

கல்யாண விஷயத்தில் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். வருகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஆஸ்துமா ஒட்டுவாரொட்டி இல்லை, கட்டுப்பாட்டில் இருந்தால் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம். கர்ப்ப காலத்திலும் இன்ஹேலரைத் தொடர்வதுதான் தாய்க்கும் சிசுவுக்கும் பாதுகாப்பு. மறைத்துக் கட்டிக்கொடுத்தால் அவள் புகுந்த வீட்டில் குளியலறைக்குள் ஒளிந்து இன்ஹேலர் எடுப்பாள், அல்லது எடுக்காமலேயே இருப்பாள். அந்த வீட்டில் ஒரு ராத்திரி பெரிய இழுப்பு வந்தால் என்ன செய்வதென்று தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

2024-இல் ஃபெஞ்சல் புயல் முடிந்ததும் தென்பெண்ணை வெள்ளம் இடுப்பளவு வீட்டுக்குள் வந்தது. அதிலிருந்து மழைக்காலம் முடிந்தால் சுவரெல்லாம் கறுப்புப் புள்ளி. பெயின்ட் அடித்தும் திரும்ப வருகிறது. எட்டு வயதுப் பையனுக்கு மார்கழி, தையில் ஓயாத தும்மல், இருமல்.
– இல்லத்தரசி, கடலூர்

பையனைப் பாட்டி வீட்டுக்கு ஒரு வாரம் அனுப்பிப் பார்த்தீர்களா? அங்கே தும்மல் குறைந்து, திரும்பியதும் ஆரம்பித்தால் சுவர்தான் காரணம் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். இந்தக் கறுப்புப் புள்ளி பூஞ்சை. அதன் வித்துகள் காற்றில் மிதந்து மூச்சுக்குள் போகும், ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது போதும்.

பூஞ்சையின் மேல் பெயின்ட் அடித்தால் அது உள்ளேயே வளர்ந்து பெயின்டை உரித்துக்கொண்டு வெளியே வரும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். மாடியில் தண்ணீர் தேங்குகிறதா, குழாய் கசிகிறதா, அல்லது தரையிலிருந்தே செங்கல் திரி மாதிரி உறிஞ்சி மேலே ஏற்றுகிறதா? அதை அடைக்காமல் என்ன செய்தாலும் வீண் செலவு. அடைத்த பின், வெயில் நன்றாக அடிக்கும் ஒரு நாள், பையனை வீட்டில் வைத்துக்கொள்ளாமல், என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஜன்னல் கதவெல்லாம் திறந்துவிட்டு, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்ததைச் சுரண்டாதீர்கள், வித்து பறக்கும், நனைத்துத் தேய்க்க வேண்டும். அப்புறம் பல நாள் ஃபேன் போட்டு உலர்த்துங்கள். பெயின்டுக்குப் பதில் பழைய முறையில் சுண்ணாம்பு அடித்தால் நல்லது, அதன் காரத்தன்மையில் பூஞ்சை சுலபமாக வளராது, சுவரும் மூச்சு விடும்.

ஒரு எச்சரிக்கை. வெள்ளத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு பிளீச்சிங் பவுடர் இருக்கும். அதோடு கழிவறை கழுவும் ஆசிடைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே உலை வைக்கும். ஒருபோதும் இரண்டையும் கலக்காதீர்கள்.

பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். பரணிலிருந்து மார்கழிக்கு இறக்கிய போர்வையை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடாமல் பையனுக்குப் போர்த்தாதீர்கள், ஒரு வருடத் தூசியும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளும் அதில் இருக்கும். கொசுவத்திச் சுருளுக்குப் பதில் கொசுவலை கட்டுங்கள். சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் சுருள்களை எடுத்துச் சோதித்து 2003-இல் வெளியான ஆய்வு, ஒரு சுருள் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்றது. கதவைச் சாத்திக்கொண்டு அதை ஏற்றிவிட்டுக் குழந்தையைப் பக்கத்தில் படுக்கவைக்கிறோம்.

ஆவி பிடிக்கும்போது மாத்திரை, தைலம் எது போட்டால் நல்லது?
– கல்லூரி மாணவர், அரியாங்குப்பம்

ஒன்றும் போட வேண்டாம் தம்பி. ஆவி மூக்கடைப்புக்குக் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், வைரஸைக் கொல்லாது, சளியையும் சீக்கிரம் குணமாக்காது. நொச்சி இலை போட்டால் வாசம் நன்றாக இருக்கிறது என்றால் போட்டுக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளைப் போர்வைக்குள் கொதிக்கும் பாத்திரத்தோடு உட்காரவைப்பது மட்டும் கூடவே கூடாது. பாத்திரம் கவிழ்ந்து தொடையும் வயிறும் வெந்துபோன குழந்தைகளைப் பார்த்தவன் சொல்கிறேன். தொண்டைக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், ராத்திரி மிளகு ரசம், இவை போதும்.

ஆடாதொடைக் கஷாயம் இருமலுக்கு நல்லதா, வெறும் நம்பிக்கையா?
– வாசகி, வில்லியனூர்

ஆடாதொடை இலையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. அதை அடிப்படையாக வைத்து உருவாக்கியதுதான் புரோம்ஹெக்சின், இன்றைக்குச் சளியை இளக்கும் ஆங்கில மருந்துகளில் இருப்பது. ஆகவே நம் பாட்டிகள் சரியான செடியைத்தான் பிடித்தார்கள். கர்ப்பிணிகள் மட்டும் தவிர்க்க வேண்டும், அது கருப்பையைச் சுருங்கவைக்கக்கூடும். வேறு மருந்து எடுப்பவர்கள் சித்த மருத்துவரிடம் கேட்டுக் குடியுங்கள்.

அம்மாவுக்கு 64 வயது, பீடி சிகரெட் தொட்டதில்லை. மூன்று வருடமாகப் பனிக்காலம் வந்தால் இருமல், சளி, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது. வயசாச்சு, பனி என்கிறார்கள். காஸ் இருக்கிறது, ஆனால் சமையலும் வெந்நீரும் விறகடுப்பில்தான், முந்திரி ஓட்டையும் போட்டு எரிப்பார்.
– மகன், பண்ருட்டி அருகில்

தம்பி, 64 வயசு மூச்சு வாங்கும் வயசு இல்லை. நாற்பது வருடம் அடுப்பு ஊதிய பெண்களுக்கு, புகைபிடித்த ஆண்களுக்கு வருகிற அதே நோய் வருகிறது. சி.ஓ.பி.டி. என்பார்கள், மூச்சுக்குழாய் நிரந்தரமாகக் குறுகிவிடும் நோய். நம் பக்கம் இது பெண்களிடம் கண்டுபிடிக்கப்படாமலே கிடக்கிறது, "புகைப்பீர்களா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் டாக்டர்களே அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். "எதில் சமைக்கிறீர்கள்?" என்று கேட்பதில்லை.

ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனை ஒன்று உண்டு, ஆழமாக மூச்செடுத்து வேகமாக ஊத வேண்டும், அவ்வளவுதான். கோரிமேட்டில் ஜிப்மரிலோ அரசு நெஞ்சக மருத்துவமனையிலோ காட்டலாம். கூடவே எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்துவிடுங்கள், காசநோய் இல்லை என்று உறுதியாக வேண்டும், இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சி.ஓ.பி.டி. என்றால் போன நுரையீரல் திரும்பாது, ஆனால் இன்ஹேலரால் மூச்சுத் திணறல் நன்றாகக் குறையும், தினமும் கொஞ்சம் நடந்து பழகினால் இன்னும் குறையும்.

அடுப்பை மாற்றாமல் இன்ஹேலர் மட்டும் கொடுத்தால் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. முந்திரி ஓட்டில் உள்ள எண்ணெய் தோலில் பட்டாலே பொத்துவிடும் என்று உங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும், அதன் புகை நெஞ்சுக்குள் என்ன செய்யும் என்று யோசியுங்கள். காஸ் தீர்ந்துவிடுமே என்று டீ போட மட்டும் வைத்திருப்பார், அம்மாக்கள் அப்படித்தான். சிலிண்டர் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நீங்கள் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். வெந்நீர் மட்டும் விறகில்தான் என்றால் அடுப்பைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள், பற்றவைக்கும் வேலை அம்மாவுடையதாக இருக்க வேண்டாம்.

அப்பாவுக்குச் சர்க்கரை, 67 வயது. ஃப்ளூ ஊசி போடலாமா? போட்டாலும் சளி பிடிக்கிறதே.
– வாசகி, நெல்லிக்குப்பம்

போடுங்கள். சாதாரணச் சளிக்கு நூற்றுக்கணக்கான வைரஸ்கள் உண்டு, ஊசி இன்ஃப்ளுயன்சாவுக்கு மட்டும்தான். சர்க்கரைக்காரர்களை நிமோனியா வரை இழுத்துப்போவது பெரும்பாலும் அதுதான். வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டும், வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கும். பலன் தெரிய சுமார் இரண்டு வாரம் ஆகும், அதனால் மழைக்காலத்துக்கு முன்பே போட்டிருந்தால் நல்லது, இப்போது போட்டாலும் வீண் இல்லை. நிமோனியா ஊசியைப் பற்றியும் அதே நேரத்தில் கேட்டுவிடுங்கள்.

விரலில் மாட்டி ரத்தத்திலுள்ள ஆக்சிஜன் சதவீதத்தைப் பார்க்கும் ஆக்சிமீட்டரை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால், கை சில்லிட்டிருந்தால், தவறாகக் காட்டலாம். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். எப்போதும் 97, 98 காட்டியவருக்கு 94-க்குக் கீழே இறங்கினால் தாமதிக்காதீர்கள்.

ஆட்டோ ஓட்டுகிறேன். ஒரு மாதமாக இருமல், சாயந்திரம் காய்ச்சல், எடை குறைகிறது. மருந்துக்கடையில் மூன்று தடவை ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிட்டேன்.
– வாசகர், கடலூர்

இனி மருந்துக்கடையில் வாங்காதீர்கள். வைரஸ் சளிக்குப் பின் வரும் இருமல் மூன்று வாரம்கூட இழுக்கும், ஆனால் நம் நாட்டில் இரண்டு வாரத்தைத் தாண்டிய எந்த இருமலுக்கும் காசநோய் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. உங்களுக்குக் காய்ச்சலும் எடைக் குறைவும் இருக்கிறது. நாளைக் காலையில் அரசு மருத்துவமனையில் சளி கொடுங்கள், பரிசோதனையும் மருந்தும் இலவசம். காசநோய் என்று உறுதியானால் சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். விவரம் கேட்க 1800-11-6666. முடிவு வரும்வரை முகக்கவசம் போட்டுக்கொண்டு ஆட்டோவின் இரு பக்கத் திரையையும் திறந்துவிடுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகளோடு ஒரே அறையில் படுக்காதீர்கள். முழுக்கக் குணமாகும் நோய் இது, பயம் வேண்டாம்.

போகிக்கு எதை எரிக்கலாம்?
– வாசகர், மஞ்சக்குப்பம்

டயர், பிளாஸ்டிக், ரெக்சின், பழைய மெத்தை எதுவும் வேண்டாம். விடியற்காலை காற்று அசையாத நேரம் அது, உங்கள் வாசல் புகை தெருக்கோடியில் இருக்கும் இழுப்புக்காரர் படுக்கைக்குப் போய் நிற்கும். பழைய துணியை யாருக்காவது கொடுங்கள், பழைய பாயை மட்க விடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அன்று எட்டு மணிவரை ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள். துணி முகக்கவசம் புகையின் நுண்துகளைத் தடுக்காது, வெளியே போயே ஆகவேண்டும் என்றால் என்95.

டாக்டர் மாமா, நான் ஏழாம் வகுப்பு. எங்க தாத்தா மத்த நாள் தோட்டத்துல பீடி குடிப்பார். இப்ப பனின்னு வீட்டுக்குள்ளயே குடிக்கிறார். தம்பிக்கு இருமல் வருது. தாத்தாகிட்ட எப்படி சொல்றது?
– ஒரு மாணவி, பாகூர்

கண்ணு, நீ சொல்ல வேண்டாம், நான் சொல்கிறேன். இந்தப் பக்கத்தைத் தாத்தாவிடம் கொண்டுபோய்ச் சத்தமாகப் படி.

பெரியவரே, பேத்தி உங்களைக் குறை சொல்லி எழுதவில்லை, தம்பிக்காக எழுதியிருக்கிறாள். ஜன்னல் திறந்திருந்தாலும், குழந்தை பக்கத்து அறையில் இருந்தாலும் பீடிப் புகை போய்ச் சேரும், பாயிலும் போர்வையிலும் தங்கும். இன்று முதல் வீட்டுக்குள் வேண்டாம், குளிர்ந்தால் சால்வை போர்த்திக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கள். முழுக்க விட மனசிருந்தால் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள், படிப்படியாக விடுவதற்கு வழி சொல்வார்கள். எண்ணை அழுத்தித் தரப் பேத்தி இருக்கிறாள்.